சொல்லாமல் வரும் லீவு

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைச் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், அல்லது இருந்துவிட்டு வந்திருப்பார். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு தாயிடம் போய், "பையன் எப்பம்மா வர்றான்?" என்று கேட்டால் தேதி கிடைக்காது. "லீவு கெடச்சா வருவான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தேதி சொல்லி, அந்தத் தேதிக்குச் சமைத்து வைத்து, வாசலைப் பார்த்து ஓய்ந்துபோன அனுபவம் அந்த வீடுகளுக்கு நிறைய உண்டு.

ராணுவத்தில் ஜவான்களுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். இந்த நாட்களை ஒருவர் தாம் நினைத்தபோது எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் வெளியே போகலாம் என்ற கணக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாருமே கேட்பார்கள். கையெழுத்தான லீவும் கடைசி நேரத்தில் நின்றுபோகும். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது போக வேண்டியவர்கள் முகாமிலும், வந்திருந்தவர்கள் ஊரிலும் தங்கிப்போனார்கள். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில், விடுப்பில் வந்திருந்த வீரர்கள் பலர் பாதியிலேயே திரும்பினார்கள். கல்யாணமாகிச் சில நாட்களே ஆகியிருந்த மாப்பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

படைவீரர் வீடுகளில் சொல்லாமல் வருகிற பழக்கம் இந்த நிச்சயமின்மையிலிருந்து வந்தது. வருவது உறுதியாகாதவரை அம்மாவிடம் சொல்வதில்லை. அவர் நாளெண்ணிக் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை. ஆனால் யாராவது ஒருவர் காத்திருந்துதான் ஆகவேண்டும். ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கவும், லீவு நின்றுபோனால் அந்த வருத்தத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்கிற அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்காக இந்த அத்தியாயம். வருபவர் பெண்ணாக இருந்தாலும் இதே முறைகள்தான். 2021 மே மாதம் 83 பெண்கள் ராணுவக் காவல் பிரிவில் ஜவான்களாகச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்காகவும் தங்கைக்காகவும் காத்திருக்கும் வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன.

யாருக்குத் தெரிய வேண்டும்

வீட்டுக்குள் இருவர், வெளியே ஒருவர். அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்குள் முதல் ஆள் திட்டத்தை நடத்தும் உடன்பிறப்பு. வருபவர் மணமானவர் என்றால் இரண்டாவது ஆள் அவருடைய மனைவி. இதில் விதிவிலக்குக் கூடாது. பிள்ளைகளின் பள்ளி, மாமியார் வீட்டுப் பயணம், மருத்துவமனைத் தேதி எல்லாவற்றையும் கணவர் இல்லாமலே நடத்திக்கொண்டிருப்பவர் அவர். தங்கைக்குத் தெரிந்த செய்தி தமக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு அறிந்தால், அந்த வருத்தம் லீவு நாட்கள் முழுக்க நீடிக்கும். மணமாகாதவர் என்றால் அப்பாவிடம் சொல்லலாம். அவர் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாதவர் என்றால், வேறொரு உடன்பிறப்பு போதும்.

வெளி ஆள், ரயிலடியிலிருந்து வீடுவரை கூட்டிவருபவர். ஊர் எல்லையில் டீக்கடை இருக்கும். தோளில் பையும் கையில் கறுப்பு ட்ரங்குப் பெட்டியுமாக ஒருவர் பேருந்தை விட்டு இறங்கினால், அவர் தெருமுனைக்கு வருவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் எண்ணும் வேறு எழுதியிருக்கும். ஆகவே தெரிந்த கார் ஒன்றை ரயிலடிக்கே அனுப்புவது நல்லது. பெட்டி டிக்கியில் இருக்கட்டும்.

பயண நாளைக் கணக்கிடுதல்

லீவு தொடங்கும் தேதி வேறு, வீடு வந்து சேரும் தேதி வேறு. பனிமலையில் பணிபுரிபவருக்கு இவற்றுக்கிடையே ஒரு வாரமே ஓடிவிடலாம்.

சியாச்சின் போன்ற இடங்களில் உச்சியில் உள்ள நிலையிலிருந்து அடிவார முகாமுக்கு இறங்குவதே வானிலையைப் பொறுத்தது. லடாக்கிலிருந்து வருபவருக்கு ஜோஜி லா கணவாய் குளிர்காலத்தில் பனியால் அடைபடும். லே விமானங்களும் வானம் தெளிந்தால்தான் புறப்படும். தவாங் பக்கம் சேலா கணவாய் முன்பு இதே தொல்லையைத் தந்தது. 2024 மார்ச்சில் அங்கே சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் வழி ஓரளவு சீராகியிருக்கிறது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வருபவர்களுக்கு 2025 ஜூனில் செனாப் பாலம் வழியாகக் கட்ராவுக்கு ரயில் இணைப்பே கிடைத்துவிட்டது.

அங்கிருந்து தமிழ்நாடு இன்னும் தொலைவு. கட்ராவில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் காட்பாடி, சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் வழியாகக் கன்னியாகுமரி போய்ச் சேரச் சுமார் மூன்று நாள் ஆகிறது. அதுவும் வாரத்துக்கு ஒரு முறைதான் ஓடுகிறது. திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்கிறது. இந்தியாவின் மிக நீண்ட ரயில் தடம் அதனுடையதுதான். டெல்லிவரை வந்துவிட்டவர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் சுமார் 33 மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலில் இருப்பார்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. லீவோ பெரும்பாலும் அதற்கு வெகு பின்னால்தான் உறுதியாகும். ராணுவத்தினருக்கென்று ரயில்களில் ஒதுக்கீடு உண்டு. பெரிய நிலையங்களில் படைவீரர் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகமும் உண்டு. அந்த ஏற்பாட்டை வருபவர் பார்த்துக்கொள்வார். வீட்டிலிருப்பவர் செய்ய வேண்டியது வேறு: வந்துசேரும் நாளுக்குப் பின்னால் இரண்டு நாளைக் காலியாக விட்டுவைப்பது. ஞாயிறு காலை வருவதாகத் திட்டமிருந்தால், செவ்வாய்க்கிழமைவரை அம்மா அப்பா வெளியூர் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜம்முவில் கிளம்பியதும் கைப்பேசியில் ஒரு வரி, டெல்லியில் ஒரு வரி, விஜயவாடா தாண்டியதும் ஒரு வரி. வழியில் இவ்வளவு தொடர்பு போதும்.

ரகசியம் எங்கே கசியும்

அம்மாக்கள் நுட்பமானவர்கள். மகனின் குரலிலிருந்தே பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மீதியைக் காட்டிக்கொடுப்பது கைப்பேசி.

டிக்கெட் பதிவுசெய்யும்போது கொடுக்கிற எண் வீட்டு எண்ணாக இருந்தால், குறுஞ்செய்தி நேராக வீட்டுக்கே வந்துவிடும். வங்கிக் கணக்கு அம்மாவோடோ மனைவியோடோ கூட்டுக் கணக்காக இருந்தால் இன்னும் கவனம் தேவை. வழியில் ஏ.டி.எம்.-இல் எடுக்கிற 500 ரூபாய், எந்த ஊரில் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். பயணச் செலவுக்கான பணத்தைக் கிளம்புமுன் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சிம் கார்டு விஷயம் பலருக்குத் தோன்றாது. பிற மாநிலங்களின் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. அங்கே வாங்கிய ப்ரீபெய்ட் சிம் வெளியில் வேலை செய்யாது. அங்கே பணியில் இருப்பவர் வழக்கமாக ஒரு எண்ணிலிருந்தும், ஊர்ப்பக்கம் வரும்போது மட்டும் தமிழ்நாட்டு எண்ணிலிருந்தும் பேசுவார். அந்தத் தமிழ்நாட்டு எண் திரையில் தெரிந்தாலே அம்மாவுக்கு விளங்கிவிடும். ஓடும் ரயிலிலிருந்து பேசினால் தண்டவாளச் சத்தமும் 'சாய், சாய்' என்ற குரலும் பின்னால் கேட்கும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே அவர் வீட்டுக்குப் பேசி, "ரெண்டு மூணு நாள் டவர் கெடைக்காதும்மா, டியூட்டி" என்று சொல்லி வைக்கலாம். எல்லையில் பணிபுரிகிறவர் வழக்கமாகச் சொல்வதுதான் என்பதால் அம்மா இயல்பாக எடுத்துக்கொள்வார். எல்லையில் பதற்றம் என்று செய்தி ஓடும் வாரமாக இருந்தால் இந்த வழி கூடாது. அப்போது அம்மாவிடம் உண்மையையே சொல்லிவிட வேண்டும். அவருடைய மூன்று நாள் கலக்கத்துக்கு எந்த வியப்பும் ஈடாகாது.

பயமுறுத்தக் கூடாது

படைவீரர் வீட்டில் எதிர்பாராத தொலைபேசி அழைப்பும், வாசலில் நிற்கிற ராணுவ வண்டியும் வேறு ஒரு செய்தியைத்தான் முதலில் நினைவூட்டும். அதனால் சில விளையாட்டுகள் அறவே கூடாது. "யூனிட்ல இருந்து பேசறோம்" என்று நண்பரை விட்டுப் பேசவைப்பது, "அண்ணனுக்கு லேசா அடிபட்டிருக்காம்" என்று தொடங்கிப் பிறகு சிரிப்பது, சீருடைக்காரர் இருவரை முன்னால் அனுப்பிக் கதவைத் தட்டவைப்பது எல்லாம் இந்த வகை. ஒரு நிமிடத்துக்குத்தான் என்றாலும், அந்த நிமிடத்தில் அந்தத் தாய் தம் மகனை இழந்துவிடுகிறார். வருபவரும் சாதாரண உடையில் வருவதே நல்லது. சீருடையில் பார்க்க அம்மா ஆசைப்பட்டால் மறுநாள் போட்டுக்காட்டட்டும்.

மகிழ்ச்சியும் உடம்பைத் தாக்கக்கூடும். கடும் மன அதிர்ச்சியால் இதயத் தசை திடீரெனத் தளரும் நிலைக்கு டகோட்சுபோ என்று பெயர். 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. துயரத்தால் மட்டுமே வருவது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2016-இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளியான ஓர் ஆய்வு, உணர்ச்சி அதிர்ச்சியால் இந்நிலைக்கு ஆளான 485 பேரைப் பார்த்தது. அவர்களில் 20 பேருக்குக் காரணம் மகிழ்ச்சியான நிகழ்ச்சிகள். அரிதானதுதான், அதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் இதய நோய் உள்ளவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், மிகவும் வயதான பாட்டி தாத்தா இவர்களுக்கு முழுச் செய்தியையும் ஒரே நொடியில் கொடுக்காமல் படிப்படியாகக் கொடுப்பதே முறை. காலையில் "அண்ணனுக்கு லீவு கெடைக்கும் போலிருக்கு" என்பது முதல் படி. ஒரு மணி நேரம் கழித்து "கெளம்பிட்டானாம்" என்பது இரண்டாவது. அவரை உட்காரவைத்து, "வாசல்ல யாரு பாரு" என்பது மூன்றாவது. இப்படிச் செய்தாலும் வியப்பு வியப்பாகவே இருக்கும்.

எச்சரிக்கை வருபவருக்கும் பொருந்தும். மோதல் நடக்கும் பகுதியில் மாதக்கணக்கில் காவல் காத்தவருடைய உடம்பு, பின்னாலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் தயாராகவே இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பாய்வது, வாசலில் சரவெடி வைப்பது, விளக்கை அணைத்துவிட்டுக் கூட்டமாகக் கத்துவது இவற்றை விட்டுவிடுங்கள்.

விசேஷ நாளில் வருவதென்றால்

தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. அண்ணன் எல்லையில். மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லையே என்று வீடே வருந்துகிறது. மொட்டையடித்த பிள்ளையை மணையில் உட்காரவைக்கப் போகும் நேரத்தில் மாமன் வந்து நிற்கிறார். கேட்கவே கண் கலங்கும் காட்சிதான். ஆனால் இதில் சிக்கலும் இருக்கிறது. தாய்மாமன் வரமாட்டார் என்று தெரிந்ததும் பெரியவர்கள் பெரியம்மா மகனையோ சித்தப்பா மகனையோ முறைக்கு ஏற்பாடு செய்திருப்பார்கள். அவரும் சீர் வாங்கி, வேட்டி கட்டித் தயாராக வந்திருப்பார். கடைசி நிமிடத்தில் அவரை எழுந்திருக்கச் சொல்வது உறவில் முள்ளாகத் தங்கிவிடும்.

ஆகவே சடங்கில் வருபவருக்கு முறையான இடம் இருந்தால், சடங்கை நடத்தும் பெரியவரிடமும் மாற்றாக நிற்பவரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். "அண்ணா, லீவு கெடச்சா அவனே வந்து உக்காருவான். கெடைக்கலைன்னா நீங்கதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று தங்கை கேட்டால் எந்த அண்ணனும் மறுக்கமாட்டார். வந்தபிறகு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, இருவருக்கும் மாலை போட்டால் நிறைவாக இருக்கும்.

கல்யாணமாக இருந்தால் மேடையில் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து நிற்பதைத் தவிர்க்கவும். முந்தின இரவே மண்டபத்துக்கு வந்துவிட்டால் மணப்பெண் தங்கை அழுது, சிரித்து, தூங்கி எழுந்து, காலையில் தெளிந்த முகத்தோடு மணவறைக்கு வருவாள்.

முதல் ஒரு மணி நேரம்

ஏறக்குறைய எல்லா அம்மாக்களும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சு வெச்சிருப்பேனே!" மகனுக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்க முடியாமல் போனது அவர்களுக்கு உண்மையான குறை. இதைத் தங்கை முன்பே சரிக்கட்டலாம். "ஞாயித்துக்கெழம என்கூட வேலை செய்யறவங்க ரெண்டு பேர் சாப்பிட வராங்கம்மா, மீன் கொழம்பு வெச்சிடலாமா?" என்று கேட்டால் போதும். அம்மா தம் கையாலேயே சமைத்திருப்பார். வருபவர் அந்தச் சோற்றையே சாப்பிடுவார். அலமாரியில் இருக்கிற அவருடைய பழைய சட்டை கைலிகளைத் துவைத்து வைப்பதும், போர்வையை வெயிலில் போடுவதும் சந்தேகம் தராத வேலைகள்.

வந்துசேரும் நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் அமைந்தால் நல்லது. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் மகிழ்ச்சிக்கு முன் பயம்தான் வரும். தெரு நாய்களும் விடாது.

முதல் ஒரு மணி நேரம் வீட்டாருக்கு மட்டும். அக்கம்பக்கம், நண்பர்கள், பங்காளிகள் எல்லாம் மாலையில் வரட்டும். அவருக்கு இரண்டு மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் இந்த ஒரு மணி நேரத்தில் தனிக் கவனம் தேவை. ஆறேழு மாதமாகக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்த அப்பாவைப் பிள்ளை நேரில் கண்டு மிரண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். பிடித்து இழுத்துக் கொடுக்காதீர்கள். அப்பா தரையில் உட்கார்ந்து, வாங்கிவந்த பொம்மையைப் பிரித்துக்கொண்டிருந்தால் பிள்ளை தானாக அருகே வரும். அந்தப் பிள்ளையின் தயக்கத்தைப் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் சிரிக்காமல் இருப்பது, அந்தத் தகப்பனுக்குச் செய்கிற பெரிய உதவி.

முதல் நாளில் கேட்கக் கூடாதவையும் உண்டு. சண்டை நடந்ததா, சுட்டாயா, யாராவது செத்தார்களா என்பவை அவை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் தூங்கப் போனால் எழுப்பாதீர்கள். மூன்று நாள் ரயிலும் அதற்கு முன் பல மாத இரவுக் காவலும் சேர்ந்த களைப்பு அது.

படம் பிடிப்பதும் பகிர்வதும்

அமெரிக்காவில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் வீரர்கள் திடீரென வீடு திரும்பும் காட்சிகள் தனி வகையாகவே வளர்ந்தன. விளையாட்டு மைதானத்தில், வகுப்பறையில், ஆயிரம் பேர் முன்னிலையில் சந்திப்புகள் நடந்தன. 2011-இல் இதற்கென்றே ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. நம் வீடுகளிலும் இப்போது கைப்பேசி தயாராக நிற்கிறது. ஒருவர் மட்டும், ஓர் ஓரமாக நின்று எடுக்கட்டும். தங்கை எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவள் கை அண்ணனைப் பிடிக்க வேண்டும். கேமராவைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடலாம்.

பகிர்வதில் கண்டிப்பு வேண்டும். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கும்படி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. தகவல் கசிவுதான் காரணம். வீட்டார் போடும் ஒரு பதிவும் அதே தீங்கைச் செய்யக்கூடும். யூனிட் பெயர், தோள்பட்டைச் சின்னம், பணியிடம், ஏறிய ரயில், திரும்பும் தேதி, ட்ரங்குப் பெட்டியில் எழுதிய எண் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. அவர் சம்மதிக்காவிட்டால் படம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். அம்மாவின் சம்மதமும் வேண்டும். பழைய நைட்டியோடு அழுதுகொண்டிருக்கும் தம்மை ஊரெல்லாம் பார்ப்பதை எல்லாத் தாய்மார்களும் விரும்புவதில்லை.

திட்டம் குலைந்தால்

லீவு ரத்தாகிவிட்டது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. மீன் குழம்பு கொதிக்கிறது. இந்த நிலையில் தங்கை செய்ய வேண்டியது, இரண்டு தோழிகளை உண்மையாகவே சாப்பிட அழைப்பது. அண்ணனிடம் "பரவால்லண்ணா, அம்மாவுக்குத் தெரியாது. நீ நல்லா இரு" என்று மட்டும் எழுதினால் போதும். வர முடியாதவருடைய வருத்தம் வீட்டிலிருப்பவருடையதைவிடப் பெரிது. வீட்டில் யாரும் ஏமாறவில்லை என்ற செய்தி அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

ஒரேயடியாகத் திரும்பும்போது

பணி ஓய்வு பெற்று வருபவரிடம் இந்த ரகசியங்கள் செல்லாது. மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. தேதி வெகு முன்பே தெரியும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்காரர் வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினர் பெங்களூரிலும் உள்ள தங்கள் பயிற்சி மையங்களோடு தொடர்புடைய தாள் வேலைகளை முடித்துக்கொண்டு வருவார்கள். இங்கே வியப்பை வருபவருக்குத் தரலாம். ஊர் எல்லையில் மேளம், உடன் படித்தவர்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர், அம்மா கையில் ஆரத்தித் தட்டு. பல ஊர்களில் இப்படி வரவேற்கிறார்கள். அவர் கூச்ச சுபாவம் உள்ளவர் என்றால் ஊர்வலத்தை விட்டுவிட்டு வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்னிவீரர்களின் நிலை வேறு. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் பணி நான்கு ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதத்தினர் மட்டும் தொடர்வார்கள். முதல் அணியினர் 2022 இறுதியில் பயிற்சிக்குப் போனவர்கள். அவர்களில் பெரும்பாலோர் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, ஓய்வூதியம் இல்லாமல், இருபதுகளின் நடுவில் வீடு திரும்புவார்கள். "அடுத்து என்ன?" என்ற கேள்வி அவர்கள் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், வாசலிலேயே அதைக் கேட்க வேண்டாம். அந்தப் பணத்தைக் கடனாகக் கேட்டு வரும் உறவினர்களையும் முதல் மாதம் உடன்பிறப்பே சமாளித்து அனுப்பட்டும்.

ஓய்வு பெற்று வருபவருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு, ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஓய்வூதிய விவரம், ஈ.சி.ஹெச்.எஸ். மருத்துவ அட்டை, கேன்டீன் அட்டை, ரேஷன் அட்டையில் பெயர், வாக்காளர் பட்டியலில் பெயர் என்று வேலைகள் காத்திருக்கும். வீட்டு முகவரிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்பத்தார் புகைப்படங்கள், ஆதார் நகல்கள் எல்லாவற்றையும் தம்பியோ தங்கையோ அவர் வருவதற்கு முன்பே ஒரு கோப்பில் சேர்த்துவைக்கலாம். வந்த மறுவாரம் அலுவலகம் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். இருபது ஆண்டாக எல்லாத் தாளையும் யூனிட் அலுவலகத்தில் கொடுத்துப் பழகியவருக்கு, ஊர் அலுவலகத்தில் எந்த ஜன்னலில் யாரைக் கேட்பது என்று காட்டிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.